ஆத்துக்குத் தெக்கேயா, வடக்கேயா?

(மதுரையில் ஒரு நூலகத்தின் குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர் விசேஷ வீடுகளில் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து உள்ளே விடுகிறார்கள். பத்து அடி நடப்பதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். "எப்ப வந்தீக?" அது சும்மா, மரியாதைக்கு. அடுத்தது, "ஒத்தையாவா வந்தீக, வீட்ல வரலையா?" மூன்றாவது கேள்வியில்தான் நமக்கு வியர்க்கும். கல்யாணம் ஆகாதவனிடம், "எப்பப்பா சாப்பாடு போடப் போற?" ஆனவனிடம், "ஏதும் விசேஷம் உண்டா?" பிளஸ் டூ எழுதிய பிள்ளையிடம் மார்க். வேலைக்குப் போகிறவனிடம், "பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வருது?"

இதுவும் ஒரு கேள்வி விளையாட்டுதான். ஆனால் ஒருதலையாட்டம். கேட்கிறவர் எப்போதும் பெரியவர், மாட்டிக்கொள்கிறவர் எப்போதும் சின்னவர். பதிலுக்கு அந்தப் பையன், "மாமா, போன வருஷம் சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தீங்களே, அது எவ்வளவு?" என்று கேட்டுவிட முடியுமா? அதனால்தான் இளவட்டங்கள் எல்லாம் மண்டபத்தின் கடைசி வரிசையில் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். போன் வந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று சொல்லுகிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. பாதிப் பேர் நம் கேள்விகளுக்குப் பயந்து அங்கே போய் ஒளிந்தவர்கள்.

கேள்வி கேட்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மதுரைக்காரர்களிடம் அது நடக்கிற காரியமா? அதை முறைவைத்து ஆடலாமே என்றுதான் சொல்ல வந்தேன். நீ ஒன்று கேட்டால் நான் ஒன்று கேட்பேன். உனக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை. தாயக்கட்டத்தில்கூட அப்படித்தானே ஆடுகிறோம்?

கேள்விக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. இரண்டு கதைகள் உங்களுக்கெல்லாம் தெரியும். ஒன்று கோயிலுக்குள் நடந்தது. செண்பக பாண்டியனுக்கு ஒரு சந்தேகம்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? அவன் மனத்தில் இருப்பதைச் சொல்லுகிறவருக்குப் பொற்கிழி, ஆயிரம் பொன். தருமி பாட்டு கொண்டுவர, நக்கீரர் குற்றம் சொல்ல, இறைவனே வந்து வாதாட, கடைசியில் நெற்றிக்கண் திறந்து, நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் கேள்வி கேட்க, சிவாஜி பதில் சொன்ன காட்சிக்குப் பிறகு, தருமி என்றாலே நமக்கு நாகேஷ் முகம்தான்.

இன்னொன்று ஊருக்கு வடக்கே, அழகர்மலை மேல் பழமுதிர்சோலையில் நடந்ததாகச் சொல்லப்படுகிற கதை. களைத்து வந்த ஔவைப் பாட்டியிடம் நாவல் மரத்து மேலிருந்த மாடு மேய்க்கிற பையன் கேட்கிறான்: சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா? பாட்டி திகைக்கிறாள். சுடாத பழத்தையே கேட்கிறாள். பையன் கிளையை உலுக்குகிறான். விழுந்த பழத்தில் மண் ஒட்டியிருக்கிறது, பாட்டி ஊதுகிறாள், பையன் சிரிக்கிறான். பழம் ரொம்பச் சுடுகிறதோ?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கதையில் பரிசு இருக்கிறது, தீர்ப்பு சொல்ல நடுவர் இருக்கிறார், கேள்வியோ ராஜா மனத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. அது எரிந்து முடிகிறது. இரண்டாவதில் பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. கேள்வியின் விடை கண்ணெதிரே, காலடியில் கிடக்கிறது. தமிழுக்கே பாட்டியாக இருக்கிறவள் ஒரு பொடியனிடம் தோற்கிறாள்.  குடும்பத்தோடு ஆடுகிற விளையாட்டுக்கு நான் கோயில் கதையை எடுக்க மாட்டேன், மலைக் கதையைத்தான் எடுப்பேன்.

ஏன் சொல்லுகிறேன் என்றால், இப்போது பிறந்தநாள், கெட் டுகெதர் என்று எங்கே போனாலும் 'குவிஸ்' வைக்கிறார்கள். எந்த நாட்டுத் தலைநகர் எது, உலகக் கோப்பை எந்த வருஷம் யார் ஜெயித்தார்கள். இரண்டு பிள்ளைகள், அதுவும் எப்போதும் அதே இரண்டு பிள்ளைகள், கை தூக்கிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அப்பத்தா எழுந்து காபி போடப் போய்விடுவாள். விடை வீட்டுக்கு வெளியே இருக்கிற கேள்வி கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. விடை வீட்டுக்குள்ளேயே இருக்கிற கேள்விக்குத்தான் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள்.

விடுகதையின் ரகசியமே அதுதான். வெங்காயம், முட்டை, தேங்காய், நிழல், உரல், தீக்குச்சி: நம் பழைய விடுகதைகளின் விடைகளை எண்ணிப் பாருங்கள், முக்கால்வாசி அடுப்படியைத் தாண்டாது. படித்தவருக்கு ஒரு சலுகையும் கிடையாது. இதைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியர் இதற்குப் பிசி என்று பெயர் வைத்து, பாட்டு, உரை, நூல் இவற்றோடு ஒரே வரிசையில் உட்கார்த்திவைத்திருக்கிறார். தெற்கே போனால் அழிப்பாங்கதை என்பார்கள், கொங்குப் பக்கம் நொடி. பெயர் எதுவானால் என்ன, போடுகிற விதம் ஒன்றுதான்.

எப்படிப் போடுவது? ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முறைக்கு மாறாக எது இருக்கிறது என்று பாருங்கள். சுங்குடிச் சேலையை எடுப்போம், நம் ஊர்ச் சரக்கு, சௌராஷ்டிரப் பெருமக்கள் கைவேலை. துணியில் நூலால் பொடிப்பொடியாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. சாதாரணமாக முடிச்சுப் போட்டு அலங்காரம் செய்வார்கள். இங்கே அவிழ்த்தால்தான் அலங்காரம். மாறு கிடைத்துவிட்டதா? அவ்வளவுதான். "முடிச்சு இருந்தவரைக்கும் கந்தல், அவிழ்த்துவிட்டால் கல்யாணச் சேலை, அது என்ன?" இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நேற்று ராத்திரி நான் கட்டியது. உங்களில் ஒருவர் இதைவிட நன்றாகக் கட்டுவீர்கள்.

பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கட்டும். எங்கள் வீட்டில் ஒரு பயல் போட்டது: "மூணு பேருக்குச் செஞ்சது, பத்து பேர் ஏறின பிறகும் இடமிருக்குங்கிறாங்க." வீட்டில் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. பெரியவர் ஒருவர் சொர்க்கம் என்றார். இன்னொருவர் மனசு என்று தத்துவம் பேசினார். ஷேர் ஆட்டோ! (சிரிப்பு) பெரியார் நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த விளையாட்டுக்கு வருகிறேன். அதை இங்கிலீஷ்காரன் விளையாட்டு என்பார்கள். ஒருவர் மனத்தில் ஒன்றை நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் ஆமா, இல்லை என்ற பதில் மட்டும் வாங்கி இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். 1946இல் அமெரிக்க வானொலியிலும் அடுத்த வருஷம் பிபிசியிலும் இது நிகழ்ச்சியாகவே வந்தது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இதை வாழ்க்கையாகவே ஆடியிருக்கிறார்கள். புருஷன் பேரை வாயால் சொல்லாத காலம். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்பார்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"மலை மேல இருக்கவுக."

"பெருமாளா?"

"இல்லைங்கய்யா. கையில கம்பு வச்சிருக்கவுக."

"முருகனா, தண்டாயுதபாணியா?"

"கோவணம் கட்டியிருக்கவுக."

"ஓ, பழனியாண்டியா!" அந்த அம்மா வெட்கத்தோடு தலையை ஆட்டும். எழுதுகிறவர் எழுதிக்கொண்டு போவார். மூன்றே கேள்வி. கல்யாண வீட்டில் நலங்கு வைக்கும்போது பெண்ணைப் புருஷன் பேர் சொல்லவைத்துக் கேலி செய்வதும் இந்த விளையாட்டின் இன்னொரு பக்கம்தான். இன்றைக்கு மாப்பிள்ளையைப் பெண் 'டேய்' என்று கூப்பிடுகிறபோது அந்தச் சடங்குக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இந்த இருபது என்ற எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது, கணக்கு வாத்தியார்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதைச் சரிபாதியாக வெட்டினால், இருபது கேள்வியில் 10,48,576 பேரில் ஒருவரைத் தனியாகப் பிரித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாநகரின் ஜனத்தொகை பத்து லட்சத்துப் பதினேழாயிரத்துச் சொச்சம். அதாவது அன்றைய மதுரையில் யாரை நீங்கள் மனத்தில் நினைத்தாலும், கேட்கத் தெரிந்தவர் இருபது கேள்வியில் உங்கள் ஆளின் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

கேட்கத் தெரிய வேண்டும், அதுதான் விஷயம். "அது நம்ம அயித்தையா?" என்று முதல் கேள்வியே கேட்கிறவன் ஒரு ஆளை மட்டும்தான் கழிக்கிறான். ஊரைப் பாதியாக வெட்டுகிற கேள்வி எது? மதுரையில் பிறந்தவருக்கு அது தானாக வாயில் வரும்: "ஆத்துக்குத் தெக்கேயா, வடக்கேயா?" தெற்கே என்றால் கோயில், மாசி வீதிகள், வில்லாபுரம், பழங்காநத்தம். வடக்கே என்றால் தல்லாகுளம், கோரிப்பாளையம், செல்லூர், கே.கே.நகர். ஆட்டோக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தானே! பிள்ளைகளோடு இதை ஆடிப் பாருங்கள். நாலு ஆட்டத்துக்குள் எட்டு வயதுப் பிள்ளை குத்துமதிப்பாகக் கேட்பதை விட்டுவிட்டுப் பாதிபாதியாக வெட்ட ஆரம்பித்துவிடும். எந்த டியூஷனிலும் இதைச் சொல்லிக்கொடுப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பாட்டுக்குப் பாட்டு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்துல் ஹமீது அவர்கள் புண்ணியத்தில் அது எல்லா வேனிலும், எல்லா டூர் பஸ்ஸிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும். பட்டிமன்றத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒரே கேள்வி, இரண்டு கட்சி, விடை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நம் அமெரிக்கன் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா அவர்கள் அதைப் பண்டிகை நாள் காலைப் பலகாரத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2021இல் பத்மஸ்ரீகூடக் கொடுத்தார்கள். எனக்கு ஒரே ஒரு குறை: எல்லோரும் டிவியில் பட்டிமன்றம் கேட்கிறோம், வீட்டில் நடத்துவதில்லை. ஜிகர்தண்டாவா, பருத்திப்பாலா? இதை வைத்து ஆளுக்கு இரண்டு நிமிஷம். பத்து வயதுப் பிள்ளையை நடுவராகப் போடுங்கள். தாத்தா "நடுவர் அவர்களே" என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போது அது நிமிர்ந்து உட்காருவதைப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வகைக்கு வருகிறேன். 'அம்புலிமாமா' படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். 1947இல் தொடங்கிய பத்திரிகை. அதில் வேதாளம் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லி, முடிச்சு விழுகிற இடத்தில் நிறுத்தி, கேள்வி கேட்கும். தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடித்துவிடும் என்பதை மட்டும் நாம் விட்டுவிடுவோம், பிள்ளைகள் இருக்கிற இடம். அந்தக் கதையை நிறுத்துகிற வித்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் தாத்தா அந்த வித்தையில் கெட்டிக்காரர். அவர் சொல்லுவது பெரும்பாலும் ஒரே கதைதான். சித்திரைத் திருவிழா, அழகர் எதிர்சேவை. மேலூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். தல்லாகுளத்துக் கூட்டத்தில் என் அத்தை, அப்போது ஏழு வயது, தொலைந்துபோய்விட்டார். அந்த இடத்தில் தாத்தா நிறுத்திவிடுவார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். "நீயா இருந்தா என்னடா செஞ்சிருப்ப?" அழுதிருப்பேன் என்பான் ஒருவன். போலீசிடம் போயிருப்பேன் என்பாள் ஒருத்தி. வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்பிப் போயிருப்பேன் என்று சொல்லுகிற பிள்ளைக்கு, "எந்த வண்டி? ஆயிரம் வண்டி நிக்கிது" என்பார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு மீதியைச் சொல்லுவார். அத்தை நேராக ஒரு நீர்மோர்ப் பந்தலுக்குப் போய், டம்ளர் எடுத்துக் கொடுக்க ஒத்தாசையாக நின்றுகொண்டார். வெயிலில் தேடி அலைகிறவன் எப்படியும் தண்ணிக்கு வந்துதானே ஆக வேண்டும்? தாத்தா நாக்கு வறண்டு அந்தப் பந்தலில் வந்து கை நீட்டினார். மோர் டம்ளரை நீட்டியது அவர் பெற்ற மகள்.

அந்த அத்தைக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கதையை யாராவது ஆரம்பித்தால், "அதெல்லாம் இல்லடா, தாகமா இருந்துச்சு, குடிக்கப் போனேன்" என்பார். எது நிஜம் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் சண்டை ஓயவில்லை.

இப்படி வீட்டுக் கதை தெரிந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள், 2000களின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் இருபது கேள்வி கேட்டார்கள். அங்கேயும் இருபதுதான்! உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, உன் அப்பா அம்மா எங்கே சந்தித்தார்கள் தெரியுமா என்கிற மாதிரிக் கேள்விகள். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற தெம்பும் கூடுதலாக இருந்தது. உடனே நீங்கள் இருபது பதிலையும் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்துவிடாதீர்கள், நம் ஆட்கள் செய்வார்கள்! விடைகளைத் தெரிந்துகொண்டதால் மட்டும் அந்தத் தெம்பு வரவில்லை, அவற்றைச் சொல்லவும் கேட்கவும் வீட்டில் கூடி உட்கார்ந்த பழக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று டியூக்கே எச்சரித்திருக்கிறார்.

நம் ஊருக்கு அந்த இருபதை நாமே எழுதிக்கொள்ளலாம். தாத்தா எந்த வருஷம் ஊரைவிட்டு டவுனுக்கு வந்தார், எதனால்? ஹார்வி மில்லில் அவருக்கு எந்த ஷிப்டு? தங்கம் தியேட்டரில் அப்பத்தா பார்த்த முதல் படம் எது, யாரோடு போனார்? 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர், அது இருந்த காலத்தில் உள்ளே போகாத மதுரைக் குடும்பம் அபூர்வம். அம்மாச்சிக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை யார், ஏன் தட்டிப்போனது? இந்தக் கடைசிக் கேள்வியை அம்மாச்சி நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டும் கேளுங்கள்.

ஆடும்போது சில விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் முக்கியமானது ஒன்றுதான்: கேட்கிறவர் தன் பதிலை முதலில் சொல்ல வேண்டும். "சின்ன வயசுல நீ சொன்ன பெரிய பொய் என்ன?" என்று மருமகனிடம் கேட்க ஆசைப்படுகிற மாமா, முதலில் தன் பொய்யைச் சொல்லட்டும். இந்த ஒரு சட்டம் போட்டுவிட்டால், சம்பளம், மார்க், எடை, கல்யாணம், பிள்ளை, மொய் எவ்வளவு எழுதினார்கள் என்ற கேள்விகள் எல்லாம் தானாக வாசலோடு நின்றுவிடும். சொல்ல விருப்பமில்லாதவர் 'பாஸ்' சொல்லலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தோற்றவரை நடுக்கூடத்தில் ஆடச் சொல்லுவதும் பாடச் சொல்லுவதும் எனக்குப் பிடிக்காது. கூச்சப்படுகிற பிள்ளை அதோடு அடுத்த தடவை வட்டத்துக்கே வராது. தோற்றவர் எல்லோருக்கும் தண்ணி மொண்டு கொடுக்கட்டும், போதும்.

நேரமும் பார்க்க வேண்டும். பந்தி முடிந்து, காபி வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறதே, யார் யாரைப் பற்றியோ பேச்சு திரும்புகிற நேரம், அதுதான் சரியான வேளை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று மட்டும் பிரிக்காதீர்கள். அங்கே நக்கீரர் வந்துவிடுவார்.

சரி, என் பேச்சு போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு நான் ஒருவனே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? மூன்று விடுகதை வைத்திருக்கிறேன், மூன்றும் நம் ஊரைத் தாண்டாது.

காலையில் கிலோக் கணக்கு, சாயங்காலம் முழக் கணக்கு, மறுநாள் காலையில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை, அது என்ன?

பிடித்தால் பிடித்தவனுக்குப் பரிசு, பிடிபடாவிட்டால் வளர்த்தவனுக்குப் பரிசு, அது என்ன?

மாட்டுக்கும் இந்தப் பாலுக்கும் சம்பந்தமில்லை, கறந்தது காட்டிலும் இல்லை, தொழுவத்திலும் இல்லை, ஆட்டுரலில். அது என்ன?

பத்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. பெரியவர்கள் கை தூக்கக் கூடாது, பக்கத்துப் பிள்ளையின் காதில் சொல்லவும் கூடாது. அந்த மூணாவது வரிசை அம்மா, உங்களைத்தான் சொல்லுகிறேன். எங்கே, முதல் கை யாருடையது?